இடிபாட்டில் எழுந்த அடுப்பு

அண்ணனும் தம்பியும் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தாலும், உலை வேறாகிவிட்டால் அவர்களை இரண்டு குடும்பங்களாகவே ஊர் எண்ணும். உணவுக்கு வழியற்ற வீட்டை ‘அடுப்பில் பூனை உறங்கும் வீடு’ என்றுதான் நம் பாட்டிமார் சொன்னார்கள். இலத்தீன் மொழியிலும் இதே நிலைதான். ‘ஃபோக்குஸ்’ என்னும் சொல்லுக்கு அங்கே அடுப்பு என்பதே முதற்பொருள். ஒளிக்கதிர்கள் கூடும் குவியத்திற்கு அப்பெயரைக் கெப்ளர் என்னும் வானியல் அறிஞர் 1604-இல் எடுத்து வழங்கியது பிற்காலச் செய்தி. வீட்டின் நடுப்புள்ளி எதுவென்று கேட்டால், நெருப்பிருக்கும் இடமே என்று பதில் சொல்வதில் தமிழும் இலத்தீனும் ஒத்துப்போகின்றன.

மேலைநாடுகளில் இன்று கொல்லைப்புறத்தில் தீக்குழி அமைத்துக்கொள்வது பலருக்கு விருப்பமான கைவேலையாகியுள்ளது. இடித்த சுவரின் செங்கல், பெயர்த்தெடுத்த நடைபாதைக் கல், பழுதாகி எறியப்பட்ட சலவை இயந்திரத்தின் துளைகள் நிறைந்த எஃகு உருளை ஆகியவற்றைக் கொண்டு தாங்களே ஒரு தீக்குழியைக் கட்டி, மாலைவேளையில் அதைச் சுற்றி அமர்ந்து குளிர்காய்கிறார்கள். செலவில்லாத இன்பம், பழிப்பதற்கு இதில் ஒன்றுமில்லை. ஆயினும் இதே போன்ற கொல்லைகளில், இதே போன்ற பழஞ்செங்கற்களைக் கொண்டு, பசியாற அடுப்புக் கூட்டிய ஒரு தலைமுறை இங்கிலாந்தில் இருந்தது. படைத்தலைவர்களின் பெயர்கள் நிறைந்த போர் வரலாறுகளில் சட்டி பானைக்கு இடம் கிடைப்பது அரிது. அந்த அடுப்பின் வரலாற்றையே நாம் இக்கட்டுரையில் சற்று நின்று காண விழைகிறோம்.

1940-ஆம் ஆண்டில் இலண்டன் போன்ற பெருநகரங்களில் உழைக்கும் மக்களின் சமையல் பெரும்பாலும் எரிவாயுவை நம்பியிருந்தது. இன்று நம் வீடுகளுக்கு உருளையில் வரும் வாயு அன்று அது. நிலக்கரியைக் காற்றுப் புகாத கலங்களில் இட்டுச் சூடேற்றிப் பிரித்தெடுத்தது. ஹைட்ரஜனும் மீத்தேனும், அவற்றோடு நஞ்சாகிய கார்பன் மோனாக்சைடும் கலந்தது. நகரின் ஓரத்தில் ஓர் ஆலை, அங்கிருந்து தெருவுக்கடியில் ஓடும் குழாய், வீட்டுக்குள் ஓர் அளவுமானி. ஏழை வீடுகளில் அம்மானியின் வாயில் ஒரு பென்னி நாணயத்தை இட்டால் அக்காசுக்குரிய வாயு மட்டும் வரும். விறகு சுமக்க வேண்டாம். புகையில் கண் கலங்க வேண்டாம். பெண்களுக்கு அது பெரும் விடுதலை என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அடுப்பு வீட்டில் இருக்க, நெருப்பின் வேர் எங்கோ கண்காணாத தொலைவில் இருந்தது.

1940 செப்டம்பர் 7, சனிக்கிழமை. அன்று பிற்பகல் தொடங்கி ஜெர்மானிய விமானங்கள் கிழக்கு இலண்டனின் துறைமுகப் பகுதியைத் தாக்கின. தேம்ஸ் ஆற்றங்கரையில் இருந்த பெக்டன் எரிவாயு ஆலை, ஐரோப்பாவிலேயே மிகப் பெரியவற்றுள் ஒன்று, அன்றே அடிபட்டது. அன்று முதல் 57 இரவுகள் இடைவிடாது இலண்டன்மீது குண்டுகள் விழுந்தன. 1941 மே வரை நீடித்த இத்தாக்குதல்களில் நாடெங்கும் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பொதுமக்கள் மாண்டனர். மாண்டோரைப் பற்றிப் பலர் எழுதியுள்ளனர். பிழைத்தோரின் மறுநாட் காலை எப்படி விடிந்தது என்பதுதான் நம் கேள்வி. எரிவாயுக் குழாய், தண்ணீர்க் குழாய், மின்கம்பி, சாக்கடை ஆகிய யாவும் ஒரே தெருவின் அடியில் செல்பவை. தெருவில் ஒரு குண்டு விழுந்தால் நான்கும் ஒருங்கே அறும். சுவரில் கீறல்கூட விழாத வீட்டிலும் அடுப்பு அணைந்திருக்கும். வரவேற்பறையில் நிலக்கரிக் கணப்பு இருக்குமே எனலாம். அதிர்ச்சியில் புகைபோக்கி வெடித்திருந்தால் அதில் தீ மூட்டுவது எஞ்சிய வீட்டையும் கொளுத்துவதற்குச் சமம்.

இதில் மனத்தை உறுத்தும் ஒரு செய்தியும் உண்டு. அதே ஆண்டு ஜூலையில்தான், விமான உற்பத்தி அமைச்சராயிருந்த பீவர்புரூக் பிரபு, வீட்டு அலுமினியப் பாத்திரங்களைக் கொடுங்கள், அவற்றைப் போர் விமானங்களாக மாற்றுவோம் என்று நாட்டுப் பெண்களிடம் வேண்டியிருந்தார். பெண்கள் மனமுவந்து கொண்டுவந்து குவித்தனர். சட்டிகள் சென்ற இரண்டு மாதங்களுக்குள் அடுப்பும் சென்றது. கடன் கொடுத்தவன் திரிகைக்கல்லை அடகாக வாங்கலாகாது என்று இணைச்சட்ட நூல் விதித்திருப்பதை (24:6) வாசகர்கள் அறிவார்கள். ஒரு வீட்டின் உணவுக் கருவியைத் தொடுவது அதன் உயிரைத் தொடுவதற்கு ஒப்பு என்பது அச்சட்டத்தின் கருத்து. இங்கே எவரும் பறிக்கவில்லை, மக்களாகவே கொடுத்தார்கள் என்பது உண்மைதான். ஆயினும் கேட்டவர்கள் அந்தக் கோணத்தில் ஒரு கணம் சிந்தித்திருக்கலாம்.

வீடிழந்தோர்க்கென நகர நிர்வாகம் பள்ளிக் கட்டடங்களில் ஓய்வு மையங்களை ஏற்பாடு செய்திருந்தது. சில மணி நேரம் இருந்துவிட்டுப் போய்விடுவார்கள் என்பது அதிகாரிகளின் கணக்கு. ரொட்டி, மார்கரின், தகரத்தில் அடைத்த மாட்டிறைச்சி, தேநீர் ஆகியவையே தொடக்கத்தில் அங்குக் கிடைத்த உணவு. உதவி தாராளமாக இருந்தால் மக்கள் அங்கேயே தங்கிவிடுவார்கள் என்னும் அச்சம், பழைய ஏழையர் சட்டக் காலத்திலிருந்து வழிவழியாக வந்தது. ரிச்சர்டு டிட்மஸ் என்னும் சமூகவியலறிஞர், 1950-இல் வெளியான அரசு வரலாற்று நூலிலேயே இக்குறையை மறைக்காமல் எழுதினார். பின்னர் நிலைமை திருந்தியது. உணவு அமைச்சராகிய ஊல்டன் பிரபுவின் காலத்தில் பொது உணவகங்கள் எழுந்தன. ‘பிரிட்டிஷ் உணவகம்’ என்று அவற்றுக்குப் பெயரிட்டவர் சர்ச்சில். 1943-இல் அவற்றின் எண்ணிக்கை இரண்டாயிரத்தைக் கடந்தது. மலிவான, சத்தான, சூடான உணவு. குறைசொல்வதற்கில்லை.

ஆனாலும் மக்கள் தங்கள் கொல்லைக்கே திரும்பினார்கள். வரிசையில் நின்று வாங்கிய உணவு வயிற்றை நிறைத்தது. குழந்தைக்கு நள்ளிரவில் பால் காய்ச்ச அது உதவவில்லை. 2004 திசம்பர் 26-இல் கடல் பொங்கியபின் நம் கடலோரப் பங்குகளிலும் இதைக் கண்டோம். முகாம்களில் உணவுப் பொட்டலங்கள் வந்து குவிந்த நாள்களிலேயே, தாய்மார் மூன்று கல்லைத் தேடி எடுத்து, தற்காலிகக் கொட்டகையின் வாயிலில் உலை வைக்கத் தொடங்கிவிட்டார்கள். பொட்டலம் கொடுத்தவர்களுள் சிலருக்கு அது நன்றிகெட்ட செயலாகத் தோன்றியது. நமக்கு அப்படித் தோன்றவில்லை. உண்பவராய் மட்டும் இருந்தவர், பிறருக்குப் பரிமாறுபவராய் மீண்டும் எழுந்து நிற்கும் இடம் அது.

இனி, இங்கிலாந்தின் கொல்லைக்கு வருவோம். அங்கே அடுப்புக் கூட்டக் கற்றுக்கொடுத்தவர்கள் இரு சாரார். ஒருவர், 1938-இல் ரெடிங் சீமாட்டி நிறுவிய மகளிர் தன்னார்வச் சேவை அமைப்பினர்; போர்க்காலத்தில் அதன் உறுப்பினர் ஏறத்தாழப் பத்து லட்சம் பேர். மற்றவர், பெண் சாரணியர். அமைச்சகங்களின் வல்லுநர்களுக்குத் தெரியாத ஒன்று இச்சிறுமிகளுக்குத் தெரிந்திருந்தது: வெட்டவெளியில் தீ மூட்டிச் சமைப்பது. பாசறைகளில் விளையாட்டாகப் பயின்ற கலையை, குண்டு விழுந்த மனைகளில் நின்று அவர்கள் தாய்மார்க்குச் செய்து காட்டினார்கள். கட்டுவதற்குக் கல் எங்கே என்று தேட வேண்டியிருக்கவில்லை. இடிந்த வீடுகளின் செங்கல்லே அது.

இவ்வகை அடுப்பின் அமைப்பை வாசகர்களுக்குச் சற்று விரித்துரைப்போம். முதலில் செங்கல்லைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இலண்டனின் பழைய வீடுகள் பெரும்பாலும் சுண்ணாம்புக் காரையால் கட்டப்பட்டவை. கரணையின் விளிம்பால் தட்டினால் காரை உதிர்ந்து, கல் முழுமையாகக் கையில் வரும். சிமெண்டுக் கலவையில் கட்டிய கல் அப்படி வராது. கலவை விடுவதற்குமுன் கல் உடைந்துவிடும். மழையில் நனைந்து நீர் ஊறிய கல்லை உடனே பெருந்தீயில் வைத்தால் உள்ளிருக்கும் நீர் ஆவியாகிக் கல்லைப் பிளக்கும். சில்லுகள் தெறித்துக் கண்ணைக் கெடுக்கவும் கூடும். ஆகவே முதல் நாளில் சுள்ளித் தீயால் அடுப்பை மெல்ல உலர்த்தியாக வேண்டும். சுண்ணாம்பு அடுப்பின் வெப்பத்தைத் தாங்காது என்பதால் இணைப்புக்கு மண்ணையே குழைத்துப் பூசுவது நலம். தோட்டத்துக் களிமண்ணில் நறுக்கிய புல்லையோ வைக்கோலையோ கலந்தால் வெடிப்பு குறையும். நம் ஊரில் மண் அடுப்புக்குச் சாணமும் பதரும் சேர்ப்பதன் காரணமும் இதுவே.

இரண்டு வரிசைகளாகக் கல்லை அடுக்கி, இடைவெளியைப் பானையின் அடியைவிடக் குறுகலாக விட்டு, வாயைக் காற்று வரும் திசைக்கு வைப்பது அடிப்படை. மறுமுனையில் ஒரு புகைபோக்கி. உடைந்த சாக்கடைக் குழாயின் ஒரு துண்டு, அல்லது அடியை வெட்டி ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்திய தகரக் குவளைகள் அதற்குப் போதும். புகைபோக்கி புகையை அகற்றுவதோடு நிற்பதில்லை. சூடான புகை மேலெழும்போது வாயிலிருந்து புதுக்காற்றை உள்ளே இழுத்துக்கொள்கிறது. ஊதுகுழல் செய்யும் வேலையை அது ஓயாமல் செய்கிறது. பானையைத் தாங்கக் கட்டிலின் இரும்புச் சட்டம், கணப்பின் கிளறுகோல், வேலிக் கம்பி என எது அகப்பட்டதோ அது. இரும்பு வேலிகளையும் 1941 முதல் அரசு போருக்கென அறுத்துச் சென்றது. அகப்பட்டது அதில் எஞ்சியதுதான்.

நம் ஊர்த் திருவிழாக்களில் அசனத்திற்குச் சமைக்க மண்ணை நீளமாக வெட்டிக் கோட்டை அடுப்பு அமைப்பதை அறிந்தவர்க்கு இதில் ஒரு புதுமையும் இராது. ஒரே நெருப்பில் முன்பானை வேகும்போதே பின்பானை சூடேறும் அமைப்பு நம்முடைய கொடி அடுப்பே அன்றி வேறில்லை. பொறியியல் கல்லூரியில் பயிலாத நம் ஆச்சிமார் காற்றின் போக்கை எவ்வளவு நுட்பமாக அறிந்திருந்தார்கள் என்பதை எண்ணிப் பெருமைப்படலாம். நிற்க.

ரொட்டி சுடுவதற்கு மூடிய அடுப்பு வேண்டும். அதற்குப் பிஸ்கட் தகரமோ, இரும்புக் குப்பைத் தொட்டியோ பயன்பட்டது. அதைப் படுக்கவைத்து, சுற்றிலும் கல்லும் மண்ணும் வைத்து மூடி, அடியில் தீ மூட்டி, அனல் அதைச் சுற்றிச் சென்று புகைபோக்கியை அடையும்படி வழிவிடுவார்கள். இதில் ஓர் இடர் உண்டு. குப்பைத் தொட்டி துருப்பிடிக்காதிருக்கத் துத்தநாகம் பூசப்பட்டது. செந்நிறமாகக் காயும் அளவுக்குச் சூடேறினால் அப்பூச்சு புகையாகக் கிளம்பும். சுவாசித்தவர்க்குச் சில மணி நேரத்தில் குளிர்க்காய்ச்சல் காணும். விறகிலும் இதுபோல் ஒரு தீங்கு மறைந்திருந்தது. பழைய கதவு, சன்னல் சட்டங்களில் ஈயம் கலந்த வண்ணம் பூசியிருப்பார்கள். அதை எரித்தால் ஈயம் புகையிலும் சாம்பலிலும் தங்கும். இன்று கொல்லையில் தீக்குழி அமைப்போர்க்கும் இவ்விரு எச்சரிக்கைகளும் பொருந்தும்.

எரிபொருளை மிச்சப்படுத்த வைக்கோல் பெட்டி என்றொரு உத்தியும் அன்று பரப்பப்பட்டது. கொதிநிலைக்கு வந்த பானையை அடுப்பிலிருந்து இறக்கி, வைக்கோலோ பழைய செய்தித்தாளோ திணித்த மரப்பெட்டியினுள் புதைத்து மூடிவிட்டால், அகச்சூட்டிலேயே கறி பல மணி நேரம் வேகும். அதற்கு விறகு மிச்சம் என்பதைவிடப் பெரிய பயன் ஒன்றும் இருந்தது. குளிர்காலத்தில் மாலை ஐந்து மணிக்குள்ளாகவே அங்கே இருட்டிவிடும். இருட்டடிப்புச் சட்டத்தின்படி சன்னல் இடுக்கில் ஒளி கசிந்தாலும் குற்றம். திறந்தவெளியில் எரியும் அடுப்பைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. பகலொளி மங்குமுன் கங்கையும் நீர்தெளித்து அவித்தாக வேண்டும். இரவு முழுதும் நிலவறையில் ஒடுங்கிக் கிடந்தவர்களுக்கு, வைக்கோலில் புதைந்த அந்தப் பானையே சூடான உணவைத் தந்தது.

1940 நவம்பர் 14 இரவு கவென்ட்ரி நகரம் தாக்கப்பட்டது. ஏறத்தாழ ஐந்நூறு விமானங்கள், பதினொரு மணி நேரம். 550-க்கு மேற்பட்டோர் மாண்டனர். நாலாயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள் அழிந்தன. மறுநாள் அதிகாரிகள் ஒட்டிய சுவரொட்டிகள் குடிநீரையும் பாலையும் கொதிக்கவைத்தே பருகுமாறு எச்சரித்தன. சாக்கடையும் குடிநீரும் கலந்து குடற்காய்ச்சல் பரவும் என்ற அச்சம் நியாயமானதே. ஆனால் கொதிக்கவைக்க எரிவாயு இல்லை. அறிவுரை சரியானது, அதைக் கைக்கொள்ளும் வழி அறுந்து கிடந்தது. இத்தகைய நேரத்தில் கொல்லையில் நான்கு கல்லை அடுக்கத் தெரிந்த ஒரு பெண், மருத்துவர் செய்யக்கூடியதற்குக் குறையாத பணியைச் செய்தாள் என்று சொல்வது மிகையாகாது.

அவ்விரவில் எரிந்த புனித மிக்கேல் பேராலயத்தின் வரலாறு பலரும் அறிந்தது. அதன் கற்கொத்தராகிய ஜாக் ஃபோர்ப்ஸ், கரிந்துபோன இரண்டு பழைய கூரை உத்திரங்கள் சிலுவை வடிவில் விழுந்து கிடக்கக் கண்டு, அவற்றைக் கட்டி நிறுத்தினார். உடைந்த கற்களையே அடுக்கி ஒரு பீடமும் எழுந்தது. நம் சபையினர் அல்லர் அவர்கள், ஆங்கிலிக்கன் மரபினர். ஆயினும் அப்பீடத்தின் முன் நின்று செபிக்க எந்தச் சபையினருக்கும் தடையிராது. நாம் இங்கே குறிக்க விரும்புவது வேறு. அதே வாரங்களில் அந்நகரின் மனையாட்டியர் அள்ளிய கல்லும், ஃபோர்ப்ஸ் அள்ளிய கல்லும் ஒரே இடிபாட்டைச் சேர்ந்தவை. பீடத்துக்கு நினைவுச் சின்னம் என்னும் தகுதி கிடைத்தது. அடுப்புகளோ எரிவாயு திரும்பிவந்ததும் கலைக்கப்பட்டன.

அள்ளிய கல் யாருடையது? வரலாற்றாசிரியர்கள் எளிதில் கடந்துவிடும் இவ்வினாவை ஓர் அறநெறி ஆசிரியனால் கடக்க இயலாது. இடிந்தாலும் வீடு உரிமையாளருடையதே. குண்டு விழுந்த இடத்தில் பொருள் எடுப்போர்க்கு ஆயுள் தண்டனையோ மரண தண்டனையோ விதிக்கப் போர்க்காலச் சட்டம் இடமளித்தது. அதை எச்சரித்து இடிபாடுகளிலேயே அறிவிப்புகள் தொங்கின. எவரும் அதன்பொருட்டுத் தூக்கிலிடப்படவில்லை. ஆனால் சிறை சென்றவர்கள் உண்டு. மீட்புப் பணியாளரும் தீயணைப்போருங்கூட அவர்களுள் அடங்குவர். இறந்தவரின் மோதிரத்தைக் கழற்றியவனையும், அடுத்த வீட்டு உடைந்த கதவைத் தன் பிள்ளைகளுக்குக் கஞ்சி காய்ச்ச எடுத்துவந்தவளையும் ஒரே அறிவிப்புப் பலகை பார்த்துக்கொண்டிருந்தது.

புனித தாமஸ் அக்குவினாஸ் தம் இறையியல் தொகுப்பில், இரண்டாம் பகுதியின் இரண்டாம் பிரிவில், 66-ஆம் வினாவின் ஏழாம் பகுதியில் இதை நேராகவே எடுத்துக்கொள்கிறார். வேறு வழியற்ற கொடுந்தேவையில் பிறர் பொருளை எடுத்துத் தன் உயிரைக் காப்பவன் திருடன் ஆகான் என்பது அவர் முடிவு. தேவை அப்பொருளை அவனுடையதாக்கிவிடுகிறது என்று அவர் காரணம் காட்டுகிறார். இரண்டாம் வத்திக்கான் சங்கமும் 1965-இல் ‘இன்றைய உலகில் திருச்சபை’ என்னும் கொள்கைத் திரட்டின் 69-ஆம் பத்தியில் இதே போதனையை ஏற்றுரைத்தது. உலகப் பொருள்கள் அனைத்தும் அனைவருக்காகவும் படைக்கப்பட்டவை. தனியுடைமை அதற்கு உட்பட்ட ஏற்பாடு. எனவே கஞ்சி காய்ச்சியவளின் பக்கமே நாம் நிற்கிறோம். ஆனால் ஒன்று: அடுப்புக்கு வேண்டிய அளவோடு நிற்பதே அவளுக்கு உரிமை தருகிறது. வண்டி கட்டி அள்ளினால் அக்குவினாஸ் துணைக்கு வரமாட்டார்.

இடிபாட்டின் பெரும்பகுதி போன இடம் வேறு. இலண்டன் கற்குவியலின் ஒரு பகுதி கிழக்கு இங்கிலாந்தில் விமானத் தளங்களின் ஓடுபாதைகளுக்கு அடித்தளமாயிற்று. பிரிஸ்டல் நகரின் இடிபாடு, சரக்கு இறக்கிவிட்டுத் திரும்பும் கப்பல்களுக்குப் பாரமாக ஏற்றப்பட்டு நியூயார்க் சென்று, அங்கே கிழக்கு ஆற்றங்கரைச் சாலைக்கு நிலமாகப் பரப்பப்பட்டது. 1942-இல் அங்கே அதற்கொரு நினைவுப் பலகை வைத்தனர். வீடு சாலையாகலாம், அதற்கு உரிமையாளரைத் தேடிப் போனவர் எத்தனை பேர் என்று கேட்கத் தோன்றுகிறது.

இதே ஆண்டுகளில், கல்லே அகப்படாத இடத்தில் போரிட்டவர்களுக்கும் ஓர் அடுப்பு தேவைப்பட்டது. வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் பிரிட்டிஷ் படைகளுக்குப் பெட்ரோல் நான்கு காலன் தகரங்களில் வந்தது. மெல்லிய தகரம், வண்டி குலுங்கினாலே ஒழுகும். வழியில் வீணான பெட்ரோலுக்குக் கணக்கில்லை. பின்னாளில் ஜெர்மானியரின் உறுதியான 20 லிட்டர் கலத்தைப் பார்த்து அவ்வாறே செய்துகொண்டார்கள். ஆனால் ஒழுகும் தகரம் ஒரு வகையில் நன்மை செய்தது. அதைக் குறுக்காக அறுத்து, பக்கங்களில் துளையிட்டு, மணலை இட்டு, சிறிது பெட்ரோலை ஊற்றிப் பற்றவைத்தால் அதுவே அடுப்பு. மற்றப் பாதி தேநீர்ப் பாத்திரம். லிபிய நகரொன்றின் பெயரால் ‘பெங்காசி’ என்றே வீரர்கள் அதை அழைத்தனர். மணல் திரியாக நின்று பெட்ரோலைச் சீராக எரியவைக்கும்.

அப்பாலைவனத்தில் நான்காம் இந்தியப் படைப்பிரிவும் இருந்தது. அதனோடு மெட்ராஸ் சாப்பர்ஸ் என்னும் பொறியாளர் படையின் 12-ஆம் களக் கம்பெனியும் இருந்தது. நம் மாநிலத்துக் கிராமங்களிலிருந்து போன அவ்வீரர்களுக்கு அந்தத் தகரம் புதிதாய் இருந்திருக்காது. அதே அளவுத் தகரத்தில்தான் இங்கே மண்ணெண்ணெய் விற்பனைக்கு வந்தது. எண்ணெய் தீர்ந்தபின் அது தண்ணீர் சுமந்தது, அரிசி காத்தது, விரித்துத் தட்டினால் கூரையாயிற்று. உட்புறம் களிமண் பூசினால் கரி அடுப்பாயிற்று. மரத்தூள் அடுப்பும் அதில் பிறந்ததே. நடுவில் ஒரு புட்டியை நிறுத்தி, சுற்றிலும் மரத்தூளை இறுக அடைத்து, புட்டியை மெல்ல உருவி எடுத்துவிட்டு, அடியிலுள்ள துளையில் தீ வைத்தால், மரஅறுவை ஆலையின் கழிவு ஒரு குடும்பத்தின் சோற்றை வேகவைக்கும். இந்தச் சாதனத்தைக் கண்டுபிடித்தவர் பெயர் எங்கும் பொறிக்கப்படவில்லை.

போர் முடிந்தது. கொல்லையில் புதைத்திருந்த ஆண்டர்சன் காப்பிடங்களின் நெளிதகடுகள் தோண்டியெடுக்கப்பட்டுக் கோழிக்கூடும் கருவிக் கொட்டகையும் ஆயின. 1952 திசம்பரில் இலண்டனைக் கவ்விய நச்சுப் புகைமூட்டத்தில் ஆயிரக்கணக்கானோர் மாண்டபின், 1956-இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. நிலக்கரிக் கணப்புகள் ஒவ்வொன்றாய் அணைந்தன. வீட்டுக்குள் நெருப்பைக் கண்ணால் காண்பது அரிதான பின்னரே, கொல்லையில் அதை விரும்பிக் கட்டும் பழக்கம் பெருகிற்று எனக் கருதுகிறோம். சலவை இயந்திர உருளை இதற்கு இவ்வளவு ஏற்றதாய் அமைந்ததும் விந்தை. துணி பிழிய இட்ட துளைகள் யாவும் காற்று புகும் வழிகளாகி, புகை குறைந்து தீ நன்கு எரிகிறது.

ஆனால் தேவையின் அடுப்பு மறைந்துவிடவில்லை. 2022-இல் பொருளாதாரம் முறிந்தபோது கொழும்பு நகரத்து வீடுகளில் வாயு உருளை கிடைக்காமல் மக்கள் விறகுக்குத் திரும்பினார்கள். அடுக்குமாடியில் வாழ்வோர்க்கு விறகு மூட்ட இடமும் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அவ்வாண்டு மார்ச்சுத் தொடக்கத்தில் உக்ரைன் நாட்டின் மரியுபோல் நகரம் முற்றுகைக்குள்ளானது. மின்சாரம், தண்ணீர், எரிவாயு என ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. உறைபனிக் காலம். ஒன்பது மாடி, பத்து மாடிக் குடியிருப்புகளிலிருந்து இறங்கிவந்த மக்கள், முற்றத்தில் செங்கல்லை அடுக்கி, மேலே கம்பிவலையை வைத்து, முறிந்த மரக்கிளையையும் உடைந்த மேசை நாற்காலியையும் விறகாக்கினர். பனியை அள்ளி உருக்கித் தண்ணீராக்கினர். அதுவரை ஒருவர் பெயர் ஒருவர்க்குத் தெரியாதிருந்த அண்டை வீட்டார் ஒரே அடுப்பில் சேர்ந்து சமைத்தனர். குண்டோசை நெருங்கும்போது பானையை அப்படியே விட்டு நிலவறைக்கு ஓடினர். ஓய்ந்தபின் வந்து கங்கை ஊதினர்.